மோடத்தை ஆஃப் பண்ணச் சொல்வதற்கு முன்

எங்கள் பகுதிக்கு ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனத்தின் புகார்ப் பிரிவினருக்கு,

வணக்கம். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடையிலிருந்து எழுதுகிறேன். காலையில் விலை பார்க்கும் தளம் ஒன்று உங்கள் இணைப்பில் மட்டும் திறப்பதில்லை. மொபைல் டேட்டாவில் திறக்கிறது. புகார் சொன்னால் ‘மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்கிறீர்கள். மற்ற தளங்களெல்லாம் ஓடும்போது மோடம் என்ன பாவம் செய்தது?

கடைக் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஒரு பெயருக்கு எந்த முகவரி என்று கேட்டுச் சொல்லும் என்எஸ்லுக்அப் கட்டளையை அடித்துத் தளத்தின் பெயரைக் கொடுத்தேன். தளத்தின் பெயருக்கு எண் முகவரி சொல்லும் உங்கள் டிஎன்எஸ் சர்வர் 127.0.0.1 என்றது. அது கேட்பவரின் கணினியையே குறிக்கும் முகவரி. வீட்டுக்கு வழி கேட்டவனை அவன் நிற்கிற இடத்திலேயே நில் என்று சொன்ன மாதிரி. அதே பெயருக்குப் பின்னால் 8.8.8.8 சேர்த்துக் கூகுளின் சர்வரிடம் கேட்டேன். ஒழுங்கான முகவரி வந்தது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1 சர்வர் சொன்னதும் அதையேதான்.

முகவரி மாறினாலே நீங்கள் தளத்தைத் தடுக்கிறீர்கள் என்று சொல்ல வரவில்லை. பெரிய தளங்கள் ஊருக்கு ஊர் வேறு முகவரி தருவது வழக்கம். எல்லா சர்வரும் ‘என்எக்ஸ்டொமைன்’ என்றால் அப்படியொரு பெயரே இல்லை. ‘சர்வ்ஃபெயில்’, அதாவது சர்வரால் பதில் தேட முடியவில்லை என்றால், கோளாறு தளத்துக்காரர் பக்கமாகவும் இருக்கலாம். முகவரி சரியாக வந்தும் இணைப்பு அறுந்தால் தடை வேறெங்கோ இருக்கிறது, இந்தக் கருவி அதைக் காட்டாது. ஆனால் 127.0.0.1-க்கு இந்தச் சமாதானம் எதுவும் பொருந்தாது.

உங்கள் டெக்னீஷியன் தம்பி ‘டிஎன்எஸ்ஸை மாத்திக்கிடுங்க அண்ணே’ என்றார். நான் மாற்றிக்கொள்வேன். பேச்சிப்பாறைப் பக்கம் உங்கள் இணைப்பை வைத்திருக்கும் வயசான தோட்டக்காரருக்கு யார் மாற்றிக்கொடுப்பது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி அரசு தடுக்கச் சொன்னால் நீங்கள் தடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கான 2009-ஆம் ஆண்டு விதிகள் ரகசியம் காக்கச் சொல்வதும் தெரியும். ஆணையைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. தளம் திறக்கவில்லை என்று யார் அழைத்தாலும் முதலில் உங்கள் சர்வரிலும் வெளிச் சர்வரிலும் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள், இரண்டு பதிலையும் புகாரில் குறித்துவையுங்கள். ஒரு நிமிட வேலை.

என் புகாருடன் இரண்டு பதில்களின் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. அப்புறம், அந்தப் புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடியிருக்கிறீர்கள், திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்