பஞ்சமி நிலம்: பழைய 'அ' பதிவேட்டைத் திறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு அன்றைய அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போய்விட்டது, அதை மீட்கக் குழு வேண்டும் என்று கேட்கிறது தங்கள் தலையங்கம். குழுவைவிட அவசரமானது தாலுகா அலுவலகப் பதிவறை.

செங்கல்பட்டில் அன்று ஒரு பறையர் அரசுத் தரிசைக் கேட்டு தர்காஸ்து மனு (நிலம் கேட்கும் விண்ணப்பம்) போட்டால், அந்த நிலத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் பாத்தியதை ஊரின் பரம்பரை நில உரிமையாளரான மிராசுதாருக்கு இருந்தது. குடிசை நின்ற மனையும் பல ஊர்களில் அவருடையதே. கூலி கூட்டிக் கேட்டவரைக் குடிசையோடு கிளப்பிவிடலாம். கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் தந்த அறிக்கை இதைப் புட்டுப்புட்டு வைத்தது. மறு ஆண்டு செப்டம்பர் 30-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தரிசு நிலம் ஒப்படைக்கும் அரசாணை 1010 வந்தது. முதல் பத்தாண்டு நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே. மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு எப்படிக் கைமாறியது? பஞ்ச காலக் கடன், வெள்ளைத்தாளில் கைநாட்டு, கடன் கொடுத்தவரே உழுது தீர்வை கட்டிய ரசீது. இதற்கெல்லாம் முத்திரை குத்தியது 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டம். அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குப் பட்டா போனது. சர்வே எண்கள் மாறின. ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் விவரம் சொல்லும் கிராமக் கணக்கான பழைய 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த 'டி.சி. நிபந்தனை' (ஒடுக்கப்பட்ட வகுப்பு நிபந்தனை) பல ஊர்களில் புதியதற்கு ஏறவே இல்லை. இன்று இணையத்தில் பார்த்தால் சுத்தப் பட்டா. வில்லங்கச் சான்றும் உதவாது. கணினியில் அவ்வளவு பழைய காலத்துக்கு அது கிடைக்காது, நிபந்தனையோ அதில் பதிவாகும் விஷயமே அல்ல.

நிலத்தை மீட்க மனு போடுகிறவர்கள் பலர் சறுக்குவது சர்வே எண்ணில்தான். இன்றைய எண்ணை வைத்துக்கொண்டு பழைய பதிவேட்டைப் புரட்டினால் வேறு யாருடைய நிலமோ வரும். மனு அன்றே தள்ளுபடி. முதலில் பழைய-புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலின் நகல், அதில் கிடைக்கும் பழைய எண்ணுக்கு செட்டில்மென்ட் பதிவேடு (பழைய நிலவரி நிர்ணயக் கணக்கு), யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு இரண்டின் நகல் என்று கேட்க வேண்டும். எண்ணோடு வரும் உட்பிரிவு விடுபட்டால் பக்கத்து வயல் வந்து நிற்கும். "ஒப்படை பெற்றவரின் பேரனே கையெழுத்துப் போட்டு விற்றான்" என்பார்கள் இன்று நிலத்தை வைத்திருப்பவர்கள். போடட்டும், நிபந்தனை ஆளுக்கல்ல, நிலத்துக்கு.

1994-இல் செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள காரணை ஊரின் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். கேட்க ஆளில்லாமல் இந்த நிலம் போய்விடவில்லை.

பழைய பதிவேடுகளின் ஓரங்கள் உதிர்கின்றன. குறிப்புக் கலத்தை கிராமவாரியாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றி, நிபந்தனை உள்ள எண்களின் பட்டியலை அரசு சார்பதிவாளர்களுக்கு அனுப்பட்டும். குழு அதற்குப் பிறகு உட்காரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
மதுராந்தகம்