அகசியாவின் வயது: வேதபாடத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

திருத்திய விடைத்தாள்கள் வந்து சேர்ந்தன. யூதாவின் ராஜா அகசியாவைப் பற்றிய 17-ஆம் கேள்வியைக் குறித்துத்தான் எழுதுகிறேன். "அகசியா ராஜாவானபோது அவன் வயது என்ன?" உங்கள் விடைக்குறிப்பில் 42. என் வகுப்பில், ஏழாவது படிக்கும் ஒரு பிள்ளை 22 என்று எழுதியிருந்தாள். தவறு என்று மதிப்பெண்ணை எடுத்துவிட்டீர்கள். மறுபடி பார்க்கும்படி எழுதிக் கேட்டேன். "வேதத்தில் உள்ளபடிதான் போட்டிருக்கிறோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அவள் எழுதியதும் வேதத்தில் உள்ளதுதானே ஐயா? ராஜாக்களின் சரித்திரத்தை வேதத்தில் இரண்டு புத்தகங்கள் சொல்கின்றன: 2 நாளாகமம் 22:2-ல் 42 என்றிருப்பது போல, 2 இராஜாக்கள் 8:26-ல் 22 என்றிருக்கிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. விடைத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அகசியாவின் தகப்பன் யோராம் ராஜாவானது 32 வயதில். ஆண்டது 8 வருஷம். 32-ம் 8-ம் 40. "அக்கா, அப்பா சாகும்போது 40 வயசுன்னா, அடுத்து ராஜாவான மகனுக்கு எப்படி 42?" என்று கேட்டாள். அகசியாதான் கடைக்குட்டி, மூத்தவர்களையெல்லாம் கொள்ளைக் கூட்டம் கொன்றுபோட்டது என்று, 42 என்றிருக்கும் வசனத்துக்கு முந்திய வசனமே சொல்கிறது.

எபிரெயச் சுருள்களைக் கையால் எழுதி எழுதிக் கடத்திய காலத்தில் நேர்ந்த பிழைதான் இந்த 42 என்று அறிஞர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். சிரியாக் மொழியின் பழைய மொழிபெயர்ப்பில் அதே நாளாகம வசனத்தில் 22 என்றே இருக்கிறது. யோயாக்கீன் என்ற இன்னொரு ராஜா பட்டத்துக்கு வந்த வயதும் இப்படித்தான்: இராஜாக்களில் 18 வயது, நாளாகமத்தில் 8. இதைச் சொன்னால் பிள்ளைகளின் விசுவாசம் ஆடிப்போகாது. வசனத்தைத் தேடிப் படித்து, கூட்டிப் பார்த்துச் சரியாக எழுதியதற்கு மதிப்பெண் போனால்தான் ஆடிப்போகும். இரண்டு வாரமாக அவள் வேதாகமத்தைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஒரு மதிப்பெண்ணை அவளுக்குக் கொடுங்கள்.

கேட்கவந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 50 கேள்விகளில் பாதிக்குமேல் வயதும் வருஷமும்தான். மனாசே ராஜா ஆண்டது 55 வருஷம் என்று என் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனதும், அங்கே தன்னைத் தாழ்த்தி ஜெபித்ததும் நாளாகமத்தில் மட்டும் இருக்கிறதே, இராஜாக்களில் ஏன் இல்லை என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கீரைத்தோட்டம் போட ஆசைப்பட்ட இஸ்ரவேலின் ராஜா ஆகாபுக்கு நாபோத் தன் பிதாக்களின் நிலத்தைத் தர மறுத்தான். பொய்ச்சாட்சி சொல்ல இரண்டு பேரை எழுப்பி, அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். நிலத்துக்காக ஒரு ராஜா செய்த அநியாயத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ஆகாப் ஆண்டது 22 வருஷம் என்பதற்கு மட்டும் ஒரு மதிப்பெண். ராஜாக்களின் சரித்திரம் வெறும் எண்களாகிப்போனது எனக்குத் தாங்கவில்லை.

மனக்கொதிப்பில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். பரிசளிப்புக்கு முன்னால் 17-ஆம் கேள்விக்கு 22 என்ற விடையும் சரியென்று ஏற்று, எல்லாச் சபைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். வேறு சபைகளிலும் 22 என்று எழுதி மதிப்பெண் இழந்த பிள்ளைகள் இருக்கக்கூடும். அடுத்த வருஷம் வயதைக் கேட்பதானால், எந்தப் புத்தகத்தின்படி என்று கேள்வியிலேயே போட்டுவிடுங்கள்.

அவளுடைய விடைத்தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தையும் தயவுசெய்து திருப்பிப் பாருங்கள்.

கர்த்தருக்குள்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை