காகங்களுக்கு ஒரு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொன்னேன். வேலை போனது, கடன் ஏறியது, கர்த்தர் நடத்தினார், அல்லேலூயா என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள், "கர்த்தர் நடத்தினார் சரி, மாடி வீட்டு அக்கா குழம்பு கொடுத்ததை ஏன் சொல்லலை?" என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்த மடல். பெயர் போடவில்லை, படித்தாலே யார் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. நான் பைண்டிங் தொழிலாளி, வீடு வியாசர்பாடி, 19 வருடம் ராயப்பேட்டையில் ஒரே அச்சகத்தில் வேலை. காலண்டர், டைரி சீசன் முடிந்த கையோடு ஜனவரியில் முதலாளி மெஷினை விற்றுவிட்டார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, இன்றைக்கும் பாக்கிதான். வாடகை கொடுக்கத் தண்டல் எடுத்தேன். 10,000 எடுத்தால் கையில் வருவது 8,500, அப்புறம் நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அதைக் கட்ட இன்னொன்று, அதையும் கட்ட மூன்றாவது. மூன்றாவது எடுத்ததை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து முழங்காலில் நின்று ஜெபம் மட்டும் பண்ணிக்கொண்டிருந்தேன். அதை முழு விசுவாசம் என்று நினைத்தேன். பாதி வெட்கம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

பாஸ்டர் அண்ணன், "மொத்தம் எவ்வளவு கடன்?" என்று நீங்கள் கேட்டபோது "ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன். "அவருக்குத் தெரியும்பா, எனக்குத் தெரியலையே" என்று சபை நோட்டீஸைத் திருப்பி வைத்துப் பேனாவைக் கையில் கொடுத்தீர்கள். எழுதிக் கூட்டினால் 41,300. அன்றைக்குத்தான் நானே அந்த எண்ணை முதல் தடவையாகப் பார்த்தேன். தண்டல்காரரிடம் நீங்களே கூட வந்து பேசி, நாளுக்கு 300 கட்டிக்கொண்டிருந்ததை வாரத்துக்கு 700 என்று ஆக்கினீர்கள். அந்த ராத்திரிதான் ரொம்ப நாளுக்கு அப்புறம் தூங்கினேன்.

திருவல்லிக்கேணி பாய், உங்களுக்கு என்ன சொல்வது. பட்டறையில் இருந்த ஆட்களுக்கே வேலை போதாத மார்ச் மாதத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தீர்கள். சபையில் உன் பாரத்தைக் கர்த்தர்மேல் வை என்பார்கள், நீங்கள் முன்னால் ஒரு கட்டு பாரத்தைத் தூக்கி வைத்து, "அல்லா பாத்துப்பான், நீ மடி" என்றீர்கள். அச்சடித்த தாளை எங்கள் தொழிலில் பாரம் என்போம். பதினாறு பக்கப் பாரம், மடித்து மடித்து விரல் நகம் தேய்ந்தது, ஆனால் சாயந்திரம் கையில் காசு இருந்தது. ஜூனில் பள்ளி நோட்டு வேலை வந்தபோது முன்பணமும் கொடுத்தீர்கள், கணக்கே கேட்கவில்லை.

மாடி வீட்டு அக்கா, தினமும் குழம்பு "ஜாஸ்தியாயிடுச்சு" என்று கொடுத்துவிடுவீர்கள். மூன்று பேருக்குச் சமைக்கிற வீட்டில் தினம் எப்படி ஜாஸ்தியாகும் அக்கா? பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் மனைவி, வேறு எதுவும் இல்லாத நாளில், தண்டவாளத்து ஓரம் முருங்கைக்கீரை பறித்து ஆய்ந்து போட்டுக் கொடுப்பாள். மறுநாள் அந்தக் கீரையே பொரியலாகி எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். இதைச் சொல்லிச் சொல்லி இப்போது சிரிக்கிறோம், அப்போது அவள் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள்.

மகளின் வகுப்பு டீச்சர், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால், அவளை ஏதாவது ஜவுளிக்கடைக்கு அனுப்பியிருப்பேன், சத்தியமாக. வங்கிக் கணக்கு திறக்கவும் நீங்கள்தான் கூடப் போனீர்கள். அப்புறம் பெசன்ட் நகரில் சமையல் வேலை பிடித்துக் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. பெரம்பூரிலிருந்து 29சி, பெண்களுக்குக் காசு வாங்காத பிங்க் பஸ்ஸாகப் பார்த்து ஏறிப் போய்த்தான் என் மனைவி நான்கு மாதம் வீட்டு வாடகையைக் கட்டினாள்.

எலியாவுக்குக் காகங்கள் காலையிலும் சாயந்திரமும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன என்று பைபிளில் இருக்கிறது. நம் ஊரில் நாம்தான் காகத்துக்குச் சோறு வைப்போம், அங்கே தலைகீழ். ஆனால் எலியா அந்தக் காகங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாரா என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எனக்கு அது உறுத்துகிறது. அனுப்பினது ஆண்டவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பறந்து வந்தது நீங்கள் அல்லவா.

கடைசியாக அண்ணாச்சி. உங்கள் கடன் நோட்டில் என் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்கும் போனது. கடைப் பையன் ஒருநாள் நாலு பேர் எதிரில் தொகையைச் சத்தமாக வாசித்துவிட்டான். நீங்கள் அவனைத் திட்டவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மறுநாள் பார்த்தால் அந்த இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று. அதற்குப் பிறகு என் அரிசி பருப்பு எதிலும் எழுதப்படவில்லை, நானே வீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், 6,840 ஆகிறது.

வருகிற முதல் தேதி 2,000 கொண்டுவருகிறேன் அண்ணாச்சி. கூடவே ஒரு புதுக் கணக்கு நோட்டும், காலிகோ துணி போட்டுத் தைத்தது, நானே பைண்ட் பண்ணியது. பழைய நோட்டில் அந்தப் பின்னை மட்டும் நீங்கள் பிரிக்காதீர்கள், தாள் கிழிந்துவிடும். நான் வந்து பிரிக்கிறேன்.