பதினாறாம் நாள் வாங்கும் கையெழுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தகப்பனாரின் காரியம் முடிந்த கையோடு, "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்று மகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போகும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. பட்டாவுக்காக அங்கே போக வேண்டியதே இல்லை. அது வட்டாட்சியர் அலுவலக வேலை. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இருந்தால் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்றிதழில் கட்டிக்கொடுத்த மகளின் பெயர் விடுபடாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் மகளிடம் வாங்குவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம். பதிவாகிவிட்டால், ஏமாற்றி வாங்கியது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாலொழிய பங்கு திரும்பாது. அந்த வழக்கையும் உண்மை தெரிந்த 3 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

அவள் விட்டுக்கொடுப்பது எவ்வளவு? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு கணக்கு: பூர்வீக நிலம் 3 ஏக்கர் 20 சென்ட். உயில் இல்லை. வாரிசுகள் மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். தகப்பனாரின் தாயார் உயிரோடில்லை. முதலில் பிறப்புரிமைப்படி தகப்பனாருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 80 சென்ட். தகப்பனாரின் 80 சென்ட் மனைவி, பிள்ளைகள் நால்வருக்கும் இருபது இருபதாகப் பிரியும். ஆக மகளுக்கு முழுசாக ஒரு ஏக்கர். தாயாருக்கு வெறும் 20 சென்ட். அந்த அநியாயத்தைத் தனியே பேச வேண்டும். இதே நிலம் தகப்பனார் சுயமாகச் சம்பாதித்ததானால் நால்வருக்கும் சமமாக 80 சென்ட்.

"1989க்கு முன்னால கல்யாணம் ஆனவளுக்குப் பங்கு கிடையாது" என்று இன்னமும் சொல்கிறார்கள். அது இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தில் இருந்த நிபந்தனை. பூர்வீகச் சொத்துக்கு மட்டுமே பொருந்தியது. 9-9-2005 முதல் நடப்பில் உள்ள மத்தியத் திருத்தத்தில் அது இல்லை. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 20-12-2004க்கு முன்பே முறையாக முடிந்த விற்பனை, பாகப்பிரிவினை போன்றவற்றை மட்டும் இந்தத் திருத்தம் தொடாது.

"நகை போட்டு, சீர் செஞ்சாச்சே" என்பார்கள். சீருக்குச் சட்டத்தில் கழிவு இல்லை. மகனின் படிப்புக்கும் கடை முதலுக்கும் கொடுத்ததை எந்த வீட்டிலும் அவன் பங்கில் கழிப்பதில்லையே!

மனமுவந்து விட்டுக்கொடுக்கும் பெண்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். விடுதலைப் பத்திரத்தில் சர்வே எண்ணோடு, விடும் பங்கு எத்தனை சென்ட், அதன் வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்று எழுதி, கையெழுத்துக்கு முன் அதைப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டுவதைப் பதிவுத்துறை கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
மன்னார்குடி