நகர மையத்தில் வீடுகள்: முதலில் குழாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நகர மையங்களில் புதிய குடியிருப்புகள் வர வேண்டும் என்ற பேச்சு வலுத்து வருகிறது. வரட்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் காலிமனைகளை எண்ணிப் பார்த்துவிட்டு ‘இடம் தயார்’ என்று சொல்லிவிட முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது தரைக்கு அடியில் இருக்கிறது. கடைகளையும் அலுவலகங்களையும் மனதில் வைத்துப் போட்ட கழிவுநீர்க் குழாய்கள் அவை. வீடுகள் வந்துவிட்டால் காலையில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எல்லோரும் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவுவார்கள். அந்த உச்ச நேர ஓட்டத்தைக் குழாய் தாங்குமா? மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகிற பழைய பகுதிகளில், ஒரு கனமழைக்கே கழிவுநீர் தரைத்தளத்துக்குள் ஏறிவிடக்கூடும்.

காலி அலுவலகங்களை வீடுகளாக்குவது நல்ல யோசனைதான். 2021இல் கனடாவின் கால்கரி நகரம் இதற்குச் சதுர அடிக்கு 75 டாலர் வரை மானியமே அறிவித்தது. ஆனால் எல்லாக் கட்டடமும் ஒத்துவராது. அகலமான தளங்களில் நடுவில் வரும் அறைக்கு ஜன்னலே கிடைக்காது. கழிப்பறைக் குழாய்களும் பெரும்பாலும் லிஃப்ட் பக்கமாக ஒரே இடத்தில்தான் இருக்கும்.

அப்புறம் தீயணைப்பு வண்டி திரும்ப இடம், குழந்தைகளுக்குப் பள்ளி, இரவில் தெருவிளக்கு.

அனுமதி கொடுத்த பிறகு மதிப்பீடு செய்து என்ன பயன்? குழாய்களின் வயதையும் விட்டத்தையும், மின்மாற்றிகளின் திறனையும் தெருவாரியாக ஆய்வு செய்து, அறிக்கையை மக்கள் பார்வைக்கு வையுங்கள். அனுமதியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்