ஏழு எஃகு வீடுகளின் கதையைத் தமிழில் கொண்டுவர உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் வீடு என்றாலே நம்மில் பலருக்குத் தகரக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் குழுவினரும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், பாம் ஸ்பிரிங்ஸ் எஃகு வீடுகளின் வரைபடங்களைப் பார்க்கும் வரை.

பாம் ஸ்பிரிங்ஸ், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பாலைவன நகரம். கோடையில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலில் வீட்டின் மரச்சட்டங்கள் வறண்டு முறுக்கிக்கொள்ளும், கரையானும் விடாது. நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 2,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிய அலெக்சாண்டர் நிறுவனத்துக்காக டொனால்ட் வெக்ஸ்லர், ரிச்சர்ட் ஹாரிசன் என்ற கட்டடக் கலைஞர்கள் எஃகைக் கையில் எடுத்தார்கள். பள்ளிக் கட்டடங்களில் எஃகைப் பயன்படுத்திய அனுபவம் வெக்ஸ்லருக்கு ஏற்கெனவே இருந்தது. பொறியாளர் பெர்னார்ட் பெர்லின் துணைநின்றார்.

இந்த வீடுகளில் எங்களை மிகவும் கவர்ந்தது அவற்றின் நடுப்பகுதி. சமையலறை, குளியலறைகள் என்று குழாயும் மின்கம்பியும் அதிகம் தேவைப்படும் இடங்களையெல்லாம் ஒரே பெட்டியாகத் தொழிற்சாலையிலேயே முடித்து, லாரியில் ஏற்றி வந்து, தளத்தின் மீது கிரேனால் இறக்கினார்கள். அதைச் சுற்றி எஃகுச் சுவர்களும் கூரையும் எழுந்தன. எடை தாங்கும் வேலையை எஃகு ஏற்றுக்கொண்டதால், மற்ற பக்கங்களில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைக்க முடிந்தது. சில வீடுகளுக்குத் தட்டைக் கூரை. சிலவற்றுக்குக் காகிதத்தை மடித்து வைத்தது போன்ற மடிப்புக் கூரை. அந்த மடிப்பு அழகுக்காக மட்டும் வந்ததல்ல. மெல்லிய தகடு மடிக்கப்படும்போது விறைப்புப் பெறுகிறது. ஒரு தாளை மடித்துப் பார்த்தாலே மாணவர்களுக்கு இது விளங்கிவிடும்.

38 வீடுகள் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். 1961-62இல் ஏழு எழுந்த நிலையில் எஃகின் விலை ஏறியது. நடுத்தரக் குடும்பங்களுக்கான விலையில் விற்க வழியில்லாமல் திட்டம் நின்றுபோனது. அதற்குப் பின் பல ஆண்டுகள் அவற்றைப் பெரிதாகக் கண்டுகொண்டவர்கள் இல்லை. 1990களில் தொடங்கி, வாங்கியவர்கள் ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்துப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2001இல் நகர நிர்வாகம் அவற்றுக்குப் பாதுகாப்புத் தகுதி அளித்தது. ஏழும் இன்றும் நிற்கின்றன, நில அதிர்வுக்குப் பேர்போன சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்குப் பக்கத்திலேயே.

இந்த வரலாற்றைத் தமிழில் படங்களுடன் ஒரு நூலாக எழுதி முடித்திருக்கிறோம். பாலிடெக்னிக் கல்லூரி நூலகங்களுக்கு 500 பிரதிகளை இலவசமாக அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விருப்பம். தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மாணவி கட்டுமானப் பாடத்தில் எஃகுச் சட்டகத்தைச் சூத்திரமாக மட்டும் படிக்காமல், ஒரு குடும்பம் வாழ்ந்த வீடாகவும் பார்க்க வேண்டும். அதற்காகவே, கூரையைக் கழற்றி உள்ளே இருக்கும் நடுப்பெட்டியை வெளியே எடுத்துக் காட்டக்கூடிய ஒரு மாதிரி வீட்டையும் செய்து, கல்லூரி கல்லூரியாகக் கொண்டுசெல்லவிருக்கிறோம்.

அச்சுக்கு ரூ. 1,50,000, மாதிரி வீட்டுக்கு ரூ. 60,000, அஞ்சலுக்கும் பயணத்துக்கும் ரூ. 30,000 என மொத்தம் ரூ. 2,40,000 தேவைப்படுகிறது. குழு உறுப்பினர்கள் ரூ. 85,000 போட்டிருக்கிறோம். மீதி ரூ. 1,55,000க்கு உங்களை நம்பியிருக்கிறோம். எழுத்துக்கும் வரைபடங்களுக்கும் யாரும் ஊதியம் பெறவில்லை.

ரூ. 100 தந்தாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். ரூ. 500 என்றால் ஒரு நூலகத்துக்கு ஒரு பிரதியை அச்சிட்டு அனுப்பிவிடலாம்; உங்கள் ஊர்க் கல்லூரியின் பெயரைச் சொன்னால் அங்கேயே அனுப்புவோம். பணமாகத் தர இயலாதவர்கள், மாதிரி வீடு செய்யத் தகடு வெட்டும் பட்டறையை ஒரு நாள் பயன்படுத்தத் தந்தாலும் பேருதவியாக இருக்கும்.

பொங்கலுக்குள் அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு நன்கொடைக்கும் பொருளாளர் ரசீது அனுப்புவார். வரவு செலவுக் கணக்கு எல்லா நன்கொடையாளர்களுக்கும் அனுப்பப்படும். தொகை மிஞ்சினால் கூடுதல் பிரதிகள் அச்சிடுவோம்.

நன்றியுடன்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்