பார்த்துச் செய்யுங்கள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி, வீடு கட்டுகிற அலைச்சல், நடுவில் பேரனுக்குக் காய்ச்சல் என்று பதில் தள்ளிப்போய்விட்டது. கோர்ட்டில் மொழிபெயர்த்து ஓய்வு பெற்ற பிறகும் வழக்குக் கட்டுகள் உன்னைத் தேடி வருகின்றன என்று படித்தபோது சிரிப்பு வந்தது. உன் கையெழுத்தும் மாறவில்லை, கோழி கிளறின மாதிரியேதான் இருக்கிறது.

'எக்ஸ்டார்ட்' (extort) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, மனுவில் போடத் தமிழில் ஒரே வினைச்சொல் வேண்டும் என்று கேட்டிருந்தாய். இரண்டு நாள் யோசித்தேன், அகப்படவில்லை. பத்திரிகைக்காரர்கள் 'மிரட்டிப் பணம் பறித்தார்' என்று எழுதுவதைவிடச் சுருக்க வழி இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஏனென்றால் 'பறி' தனியாக நின்றால் பாவம், அதற்கு ஒரு குற்றமும் தெரியாது. மல்லிகை பறிக்கிறோம், கத்தரிக்காய் பறிக்கிறோம். திருட்டு மணல் லாரியைப் போலீஸ் பிடித்தால் பறிமுதல். அதே லாரி டிரைவரை ராத்திரியில் நாலு பேர் மறித்துப் பணத்தைப் பிடுங்கினால் வழிப்பறி. குற்றம் முழுக்க முன்னால் வருகிற 'மிரட்டி'யில் இருக்கிறது. உருள் – உருட்டு, புரள் – புரட்டு மாதிரி மிரள் – மிரட்டு. ஊரில் 'உருட்டி மிரட்டி' என்று இரண்டையும் ஜோடியாகவே சொல்கிறோம் பார்.

ஆனாலும் 'பறி'யில் எனக்கு ஒரு மனக்குறை. சட்டம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய இ.பி.கோ. 383 ஆனாலும் சரி, 2024 ஜூலை 1 முதல் அதனிடத்துக்கு வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா 308 ஆனாலும் சரி, கேட்பது ஒன்றைத்தான்: பயம் காட்டி, அந்தப் பயத்தில் அவனே பொருளை ஒப்படைக்கும்படி செய்தாயா? (தண்டனைதான் மூன்றாண்டு வரை என்றிருந்தது ஏழாண்டு வரை ஆகியிருக்கிறது.) திருட்டில் திருடன் கை நீள்கிறது. இதில் பணத்துக்குரியவனே பையைத் திறந்து, எச்சில் தொட்டு எண்ணிக் கொடுக்கிறான். அந்த அவமானம் 'பறி'யில் இல்லை. 'கழுத்துல துண்டைப் போட்டு வாங்கிட்டான்' என்கிறார்களே, அதில் இருக்கிறது. 'மிரட்டி வாங்குதல்' என்று நீ எழுதினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்த விஷயத்தில் எனக்குச் சமீபத்தில் அனுபவ அறிவும் வாய்த்தது. லிண்டல் மட்டம் வரை சுவர் ஏறியிருந்த நேரம். சிமெண்ட் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்கள். நெற்றியில் திருநீறு, கையில் ரசீதுப் புத்தகம். "ஐயா, வணக்கம். திருவிழா நன்கொடை." ரசீதில் என் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. பக்கத்தில் 5000 என்ற எண்ணும். இவ்வளவு எதற்கு தம்பி என்றேன். "உங்க இஷ்டம்தான் ஐயா, பார்த்துச் செய்யுங்க" என்றான் ஒருவன். மற்றவன் பேசவே இல்லை. மூட்டைகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், கம்பிக் கட்டைக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தான். பிறகு மிகவும் அக்கறையாகக் கேட்டான்: "ராத்திரிக்கு வாட்ச்மேன் யாரும் போடலையா சார்?"

அவ்வளவுதான், சண்முகம். அதட்டவில்லை, மரியாதைப் பன்மையில் ஒரு 'ங்க' குறையவில்லை. நான் பேரம் பேசி 2000 கொடுத்தேன். 5000-ஐ அடித்துவிட்டுத் திருத்தி எழுதி, ரசீதைக் கிழித்துத் தந்து, "நன்றி ஐயா" என்றான். நானும் "நன்றி தம்பி" என்றேன்! எதற்கு நன்றி சொன்னேன் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டில் சொன்னதற்கு அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "பிடுங்கிட்டுப் போயிருக்கானுக." நீ கேட்ட ஒற்றை வினை ஒருவேளை இதுதானோ என்னவோ. பல், களை, பணம் என்று வேரோடு வருவதற்கெல்லாம் அவள் அகராதியில் இந்த ஒரே வினை. மனுவில் எழுத முடியாது, அதுதான் சிக்கல்.

நீ இந்தக் காட்சியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நீதிபதி முன்னால் வைத்தால் என்ன ஆகும்? 'உங்கள் விருப்பம்', 'பார்த்துச் செய்யுங்கள்', 'காவலாளி இல்லையா'. இதில் மிரட்டல் எங்கே என்பார். நம் ஊரில் வன்மையாகக் கேட்கிறவன் வன்மையான வினையை எடுப்பதே இல்லை. 'கவனிங்க' என்பான், 'ஏதாவது போட்டுக் கொடுங்க' என்பான். மாமூல் என்ற சொல்லே அரபு வழி வந்தது, 'வழக்கமானது' என்பதுதான் பொருள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளை இணையத்தில் படித்தால் இதே குற்றத்துக்கு 'கப்பம் கோரினார்' என்று இருக்கும். சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டிய கப்பம்! கொடுக்கிறவன் பக்கத்திலிருந்து பார்த்த சொல் என்று எனக்கு அதன்மேல் ஒரு மதிப்பு.

வகுப்பில் நாம் உருப்போட்ட தொல்காப்பிய எச்சவியல் சூத்திரம் நினைவிருக்கிறதா? ஈ, தா, கொடு மூன்றும் கேட்கிற சொற்கள். தாழ்ந்தவன் 'ஈ' என்பான், சமமானவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். தொல்காப்பியர் கேட்பவனுடைய நிலையைப் பார்த்தார். கேட்பவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தது வள்ளுவர்தான். கொடுங்கோன்மையில் 552:

வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு.

நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இதை நடத்தியிருக்கிறேன். அரசன் வரி பிடுங்கினால், வேலோடு நின்று 'இடு', அதாவது கொடு, என்கிற கொள்ளைக்காரன் மாதிரி என்று பொழிப்புச் சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுவேன். கடைசிச் சொல்லை நான் கவனித்ததே இல்லை. வரி, இறை எதுவும் அங்கே இல்லை. 'இரவு', அதாவது பிச்சை கேட்பது. அரசன் கெஞ்சித்தான் கேட்கிறான். ஆனால் கையில் கோல் இருக்கிறது. அந்த ரசீதுப் பையன் 'பார்த்துச் செய்யுங்க' என்றபோது, அவன் கூட்டாளி கம்பிக் கட்டுப் பக்கத்தில் நின்றானே, அப்போதுதான் எனக்குக் குறள் புரிந்தது. 2000 ரூபாய்க்கு உரை என்றால் மலிவுதான்.

அதனால் மனுவில் நீ எந்த வினையைப் போட்டாலும், அவன் எங்கே நின்றான், கையில் என்ன வைத்திருந்தான், கண் எதைப் பார்த்தது என்பதை விட்டுவிடாதே. வக்கீல் நீளம் என்று முணுமுணுத்தாலும் விடாதே.

அப்புறம், தச்சர் ஏமாற்றாமல் இருந்தால் ஆவணியில் பால் காய்ச்சுகிறோம். நீயும் மதினியும் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள். அல்வா மட்டும் வாங்கி வா. இது இரவா, இடுவா என்று ஆராயாமல் இருட்டுவதற்குள் கடைக்குப் போய் வரிசையில் நில்.

அன்புடன்,
உன் பழனிச்சாமி